மூன்றாம் தண்ணீர்

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு அம்மை போட்டது ஒரு பங்குனி மாசத்து மத்தியானம். வெயில் ஓட்டுக்கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி அடுப்பங்கரை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்த நேரம், நான் அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, முதுகு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பல் தேய்த்துத் தேய்ந்த பழைய பிரஷால் அதன் விசிறிக்குள் அடைந்திருந்த தூசியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அது. கல்யாணமாகிக் கொம்பையாபுரத்துக்கு நான் வந்தபோது பித்தளைக் குடத்துக்கும் கிரைண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து அதுவும் வேனில் வந்தது. வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே இருந்தது. மூடியைத் தாங்குகிற கீல் ஒடிந்தது, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினேன். சார்ஜர் வயரை எலி கடித்தது, கறுப்பு டேப் சுற்றினேன். எண்டர் பட்டன் கழன்று எங்கோ தொலைந்தது, என் வீட்டுக்காரர் தங்கமாரியின் சட்டைப் பொத்தானை அந்த இடத்தில் ஒட்டினேன், அது பாட்டுக்கு வேலை செய்தது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், அடுப்பு பர்னர், எதுவானாலும் நானே பிரித்து நானே மாட்டிவிடுவேன். மாட்டி முடிக்கும்போது எப்போதும் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும், அதற்கெல்லாம் கவலைப்பட்டால் குடும்பம் நடக்காது.

ஆனால் திரை கறுத்தபோது கவலைப்பட்டேன். கறுத்த திரைக்குள் என் மகள் இருந்தாள்.

சுபிக்ஷா நுங்கு தின்கிற ஒரு சின்ன வீடியோ, கட்டை விரலை உள்ளே விட்டுக் குடைவாள், தண்ணி பீய்ச்சிக் கண்ணில் அடிக்கும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான். அதை எடுத்த போன் தங்கமாரியின் சட்டைப் பையிலிருந்து நழுவி, அவர் வேலை செய்த, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டிக்குக் கீழே, சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில், அறுநூறு அடிக் குழிக்குள் போய்விட்டது. அதற்கு முன்னாலேயே அதை நான் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். சுபியின் குரலும் சிரிப்பும் உலகத்தில் மிச்சம் இருந்த இடம் அந்த ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பங்குனியில், ஆத்தா வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். நெஞ்சுக்குள் சளி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டும் ஒன்றுதான் என்று ஊரில் சொன்னார்கள். அம்மை முத்து காய்ந்த பிறகு, வெயிலில் வைத்துச் சூடேற்றிய வேப்பிலைத் தண்ணியை நாள் விட்டு நாள் மூன்று தரம் தலைக்கு ஊற்ற வேண்டும், மூன்றாம் தண்ணியில்தான் ஆத்தா இறங்கிப் போவாள். சுபிக்கு முதல் தண்ணி ஊற்றினோம், இரண்டாம் தண்ணியும் ஊற்றினோம். மூன்றாம் தண்ணிக்குச் சட்டியை வெயிலில் வைத்திருந்தபோது மூச்சு இழுக்க ஆரம்பித்து, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது சட்டித் தண்ணியில் காக்கா குளித்துக்கொண்டிருந்தது. ஆத்தா கொண்டுபோன உடம்பைக் குளிப்பாட்டக் கூடாது, சங்கு ஊதக் கூடாது, பெற்றவள் வாய்விட்டு அழக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் குளிர்ந்த மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள். அப்போது என் வயிற்றில் மிதுன் இருந்தான்.

ஆக, திரையைச் சரி பண்ண வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று யாரோ சொன்னதால், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே திறந்தேன். மெமரி என்கிற சின்னப் பட்டையை எடுத்து அதன் மஞ்சள் பல்வரிசையை ரப்பரால் அழித்துத் துடைத்தேன். தூசியை எடுத்தேன். அப்போதுதான் அது சுட்டது. பேட்டரி வீங்கியிருக்கும் என்று நினைத்து அதைக் கழற்றித் தனியே வைத்தேன். பேட்டரி வீங்கவில்லை, தட்டையாகச் சமத்தாக இருந்தது. சூடு நிற்கவில்லை. நிமிர்த்திப் பார்த்தேன். பட்டன்களுக்கு நடுவிலும், மூடியின் நெற்றியிலும், கை வைக்கிற இடத்திலும், பிளாஸ்டிக் மெத்தென்று எழும்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த நீர் கோத்து நின்றது.

வாசலில் குரல் கேட்டது. வள்ளிமயில் மதினி. அடுத்த வீடு. அவளுடைய இரட்டைப் பயல்களுக்கு அம்மை போட்டிருந்ததால், அடுத்தவர் நடை ஏறக் கூடாதென்று தெருவில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி முப்பிடாதி, மோர் இருந்தா ஒரு செம்பு ஊத்து. அது என்னட்டி, கீழ?"

"லேப்டாப்பு மதினி. சூடேறிக் கொப்புளிச்சிருச்சு."

அவள் கழுத்தை நீட்டி நிதானமாகப் பார்த்தாள்.

"கொப்புளமா? வாயக் கழுவு மொதல்ல. முத்துட்டி அது. எம் பயலுக முதுகுல ராப்பகலாப் பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்த இரும்பக் கீழ போடு. ஆத்தா வந்த உடம்புல இரும்பு படக் கூடாது."

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன். பாதித் திருகாணிகள் ஒரு சில்வர் மூடியில் கிடந்தன, பாதி அதன் உடம்பிலேயே இருந்தன. மோரை வாங்கிக்கொண்டு மதினி திரும்புவதற்குள் அவள் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பயல்களும் ஒரே நேரத்தில் சோறு கேட்டுக் கத்தினார்கள். தொண்டைக்குள் முத்து இறங்கி, தண்ணிகூட விழுங்க முடியாமல் வாயைத் திறந்தபடி கிடந்த பயல்கள். மதினி செம்பைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினாள். மேற்குத் தெருவில் மூன்று வீட்டில் முத்து வாடியது. கோவில் தெருவில் பச்சைப் பிள்ளை ஒன்று கண் திறந்து பால் குடித்தது. பொழுது சாய்வதற்குள் கொம்பையாபுரத்தில் அம்மை இருந்த வீடு என்னுடையது மட்டும்தான், அம்மை கண்ட உடம்பு தரையில் முதுகு திறந்து கிடந்த அது ஒன்றுதான்.

ஊர் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாளுக்கு ஆள் என்ன, சாமான் என்ன, இறங்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதானே என்றார்கள். என் வாசலில் வேப்பங்கொத்து செருகினார்கள். தெருவில் எந்த வீட்டிலும் தாளிக்கவில்லை, கடைக்காரர் கடுகு டப்பாவைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். வருகிறவர்கள் தெருவிலேயே கால் கழுவிவிட்டு வந்தார்கள், இளநீரும் வெள்ளரிக்காயும் உரித்த சின்ன வெங்காயமும் கொண்டுவந்து லேப்டாப்புக்கு முன்னால் வைத்தார்கள், கொஞ்ச நேரம் கை கட்டி நின்றுவிட்டு, "தலையில நெறைய இருக்கு, கால்ல கொறச்சலா இருக்கு, நல்லதுதான்" என்று பேசிக்கொண்டு போனார்கள். லேப்டாப்பில் தலை எது கால் எது என்பதில் இரண்டு பெரிய ஆட்களுக்குள் சண்டை வந்து, சார்ஜர் மாட்டுகிற பக்கம்தான் தொப்புள் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அம்மை போட்ட பிள்ளைகளைக் கணக்கெடுக்க நர்ஸம்மா வந்தார். எல்லா வீட்டிலும் சரியாகிவிட்டதே என்று என் வீட்டுக்கு வந்தவர், தெர்மாமீட்டரை விசிறி ஓட்டைக்குள் வைத்துப் பார்த்து, நூற்றி மூன்று என்றார்.

"வயசு என்னம்மா போட?"

"பன்னெண்டு நடக்கு சிஸ்டர்."

எழுதிக்கொண்டார். "வெயில்ல வைக்காதீங்க. காத்தோட்டமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கமாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் போர்வண்டி இரைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நம்ம லேப்டாப்புக்கு அம்மை போட்டிருக்கு."

வண்டிச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு கேட்டார், "தண்ணி ஊத்தியாச்சா?"

"இன்னும் இல்ல."

"தாளிக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கோ கை பரபரத்தது. பிரித்த சாமானைப் பிரித்தபடி விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இரும்புதானே படக் கூடாது, மரம் படலாம் அல்லவா? வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, நுனியை அரிவாள்மணையில் கூட்டல் குறி மாதிரி சீவி, தீயில் வாட்டி இறுக்கினேன். அது திருகாணிப் பள்ளத்தில் பாந்தமாக உட்கார்ந்தது. திரைக்குப் போகிற நாடா மாதிரியான வயர் தன் வாயிலிருந்து லேசாக நழுவியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தென்னை ஈர்க்கால் மெல்லத் தள்ளி உள்ளே அழுத்தி, மேலே சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்து, மூடியை மூடி, வேப்பங்குச்சியாலேயே திருகி முடித்தேன். ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

சார்ஜர் சுவரில் தொங்கியது, பேட்டரி அலமாரியில் இருந்தது. லேப்டாப் தானாகவே விழித்துக்கொண்டது.

திரையில் சுபி இருந்தாள். நுங்கு இல்லை. அதே பனைமரத்து நிழல், அதே சிவப்புப் பாவாடை. முகமெல்லாம் முத்து, கழுத்தெல்லாம் முத்து, கண் இமையில்கூட இரண்டு. உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். சொறிந்து, நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, முழங்காலைச் சொறிந்தாள். நான் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி, எனக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு, பழகிப்போனவள் மாதிரி சொறிந்தாள்.

இரண்டு வருஷமாக அவளுக்கு அங்கே அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் இங்கே சோறு பொங்கியிருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன், கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கலர் பார்த்துச் சேலை எடுத்திருக்கிறேன். மூன்றாம் தண்ணி ஊற்றி இறக்கிவிடாத ஆத்தா அவள் மேலேயே இருந்திருக்கிறாள்.

வேப்பங்கொழுந்து ஒரு கொத்தை எடுத்துத் திரைமேல் மேலிருந்து கீழாக மெல்லத் தடவினேன். அவள் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கொத்தை எடுத்ததும் மறுபடி சொறிந்தாள். தடவினால் நிற்கும், எடுத்தால் தொடங்கும். அன்றிலிருந்து என் கையில் வேப்பங்கொத்து இருந்தது. சோறு வடிக்கும்போது இடது கையில் வடித்தேன். மிதுன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் திரையின் வாயில் வைத்து அழுத்துவான். முத்தில் பட்டுப் பிஸ்கட் தூள் ஒட்டிக்கொள்ளும், நான் ஊதி விடுவேன்.

ஊர் முழுக்க வந்து பார்த்தது. "முப்பிடாதி மகதான் நம்ம பிள்ளைகளுக்கெல்லாம் சேத்து வாங்கிக்கிட்டா" என்று சொன்னார்கள். சொன்ன மறுநாளே ஒரு சின்னப் பட்டுப்பாவாடையும் கண்ணாடி வளையலும் ரிப்பனும் முன்னால் வந்து உட்கார்ந்தன. சின்ன வயசிலேயே போய்விட்ட பெண்பிள்ளையைக் கன்னி தெய்வமாக்கி வைக்கிற சாமான்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அம்மை பரவிக்கொண்டிருந்தது, அங்கேயிருந்து தாய்மார் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, திரையைத் தொட்டுப் பிள்ளை நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்கள், போகிற வழியிலேயே பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டது. அப்படி ஒவ்வொரு பிள்ளைக்கு விடும்போதும் சுபிக்கு ஒரு முத்து கூடியது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு முத்துக்கு நடுவில் முகத்தைத் தேட வேண்டியிருந்தது.

வள்ளிமயில் மதினிதான் எனக்கு ஒத்தாசை. தண்ணி எடுத்துக் கொடுத்தாள், வருகிற கூட்டத்தை வரிசையில் நிற்க வைத்தாள், மிதுனுக்குச் சோறு ஊட்டினாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

"மதினி, மொத வந்த முத்தெல்லாம் காஞ்சு வருது பாத்தீங்களா. இவளுக்கு மூணாந் தண்ணி ஊத்தணும்."

மிதுன் வாய்க்குக் கொண்டுபோன உருண்டை பாதியில் நின்றது.

"எது மேல ஊத்துத?"

"லேப்டாப்பு மேலதான். வேற எங்க ஊத்த?"

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? கரண்டு சாமான்ல தண்ணிய ஊத்துனா வெந்துரும்லா. பெறவு இந்த மொகத்தையும் பாக்க மாட்ட."

"தெரியும் மதினி."

"தெரியுமாம்." உருண்டையைத் தட்டில் போட்டாள். "ஆத்தா இவகிட்ட இருந்து எறங்குனா எங்க போவா? அதச் சொல்லு மொதல்ல."

பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

அன்று சாயங்காலமே முத்தாரம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. சாமியாடி குருசாமி சித்தப்பா, மற்ற நாளில் சைக்கிளில் உப்பு விற்கிறவர், திருநீற்றை எடுத்துக்கொண்டு ஆத்தா சொல்லட்டும் என்று நின்றார். மேளம் அடித்தார்கள். அவருக்கு ஆட்டம் வரவில்லை. இன்னும் வேகமாக அடித்தார்கள். அவர் கால் மாற்றி நின்றார், தொடையைச் சொறிந்துகொண்டார். கடைசியில் திருநீற்றைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார், "ஆத்தா வாயத் தொறக்கல. நான் என்னத்தன்னு சொல்ல? பெத்தவ கிட்டயே கேளுங்க."

"பெத்தவ ஊத்தணுங்கா" என்றாள் மதினி.

"ஊத்தக் கூடாது" என்று கூட்டம் சொன்னது. யாரும் கத்தவில்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. கோவில் கட்டித் தருகிறோம் என்றார்கள். என் வீட்டு ஓட்டைப் பிரித்து மேலே தளம் போட்டுத் தருகிறோம், ஏசி வைத்துக் குளுகுளுவென்று வைத்திருப்போம் என்றார்கள். வேப்பிலை தடவ முறை வைத்து வீட்டுக்கொரு ஆள் வருகிறோம் என்றார்கள். எல்லாரும் நல்ல ஜனங்கள்தான். இந்த ஊரில் எனக்கு ஒருநாளும் உப்புக்கும் புளிக்கும் இல்லையென்று சொன்னவர்கள் கிடையாது.

தங்கமாரிக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திரைக்கு நேரே பிடித்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மெலிஞ்சுட்டா" என்றார்.

"ஆமா."

"ஊத்தாத முப்பிடாதி. எப்படியோ ஒரு மாதிரி கண்ணு முன்னால இருக்கால்லா. லீவுல வந்தா நானும் பாப்பேன்."

"அவளுக்கு அரிக்குங்க."

"தடவுனா நிக்குங்கியே."

"எத்தன வருசம் தடவ? என் கை ஓஞ்சா?"

"நான் வந்து தடவுதேன்."

"அரிக்கிறது உங்களுக்கு இல்லைல்லா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் போனை வைக்கவில்லை. இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பூமிக்குள் எதையோ தேடி இறங்கிக்கொண்டே போகிற சத்தம்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு டிராக்டர் நிறையப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். தொட்டுத் தொட்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் போன பிறகு சுபி சொறியவில்லை. சொறியக் கையைத் தூக்கினாள், பாதியில் கை விழுந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. திரை விழித்த நாளிலிருந்தே அதில் சத்தம் கிடையாது. ஆனால் பெற்றவளுக்கு அந்த உதடு எதற்கு அசையும் என்று தெரியாதா. தண்ணி கேட்டாள்.

அகன்ற சட்டியில் தண்ணி மொண்டு வெயிலில் வைத்தேன். மஞ்சள் கரைத்தேன், வேப்பிலை உருவிப் போட்டேன், அருகம்புல் போட்டேன். மறைக்கவில்லை. வாசலில்தான் வைத்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் நின்றார்கள். தண்ணி சூடேறச் சூடேறத் தெரு நிறைந்தது. பெண்கள் பிள்ளைகளோடு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நெருக்கி நின்றார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. உள்ளே வந்து சட்டியைக் கவிழ்த்தால் என்னைத் தடுக்க முடியும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆத்தாளுக்கு வைத்த தண்ணியைக் கவிழ்க்கிற கை அந்தக் கூட்டத்தில் யாருக்கு இருக்கும் என்றுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லேப்டாப்பை மணைப்பலகையில் கொண்டுவந்து வைத்தேன், கிழக்கே பார்த்து. மிதுனை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்பை எடுத்தேன்.

மதினி உள்ளே வந்தாள். செம்பைப் பிடித்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"எம் பயலுகள நெனச்சுப் பாருட்டி. தொண்டைக்குள்ள எல்லாம் முத்து. எச்சிலு எறங்கல. எங்களக் கொன்னுருன்னு கேக்குத மாதிரி எம் மொகத்தப் பாத்தானுவோ. நீ பாத்தேல்லா?"

"பாத்தேன் மதினி."

"ஒம் பயலும்தான் இருக்கான். இடுப்புலதான வச்சிருக்க. அவன நெனச்சியா?"

"ஒவ்வொரு நிமிசமும் நெனைக்கேன்."

"பெறவு எப்படிட்டி மனசு வருது? அவ செத்துட்டாட்டி!"

தெரு அப்படியே நின்றது. அந்தச் சொல்லை இரண்டு வருஷமாக இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. போயிட்டா என்பார்கள், ஆத்தா எடுத்துக்கிட்டா என்பார்கள், குளுந்துட்டா என்பார்கள். மதினியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"செத்தும் அரிக்குல்லா மதினி" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரையில் சுபி தலையைத் தூக்கி, முதல் தடவையாக நேரே, சட்டியிலிருந்து வருகிற மஞ்சள் வாசனையைப் பிடித்தவள் மாதிரி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதினியின் விரல்கள் ஒன்றொன்றாக விட்டன.

முதல் செம்பு ஊற்றினேன். தண்ணி பட்டன்களுக்கு நடுவே இறங்கியது. உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரையில் அவள் தலையில் தண்ணி விழுந்தது. தலைக்குத் தண்ணி ஊற்றும்போது எப்போதும் செய்கிற மாதிரியே, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டாவது செம்பு ஊற்றினேன். முத்தெல்லாம் பொருக்காகி, நெற்றியிலிருந்தும் கன்னத்திலிருந்தும் கழன்று தண்ணியோடு ஓடின. லேப்டாப்பின் முத்தும் மணையில் உதிர்ந்து, நெல் உமி மாதிரி மிதந்து, வாசல் பக்கம் போனது. முகம் வந்தது. என் பிள்ளை முகம். வடு ஒன்றுகூட இல்லை. திரை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. அவசரமாக மூன்றாவது செம்பை மொண்டு, அது நடுவுக்கு வருவதற்குள் ஊற்றினேன். அவள் மூக்கிலிருந்து கையை எடுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண்ணைத் திறப்பதற்குள் கறுத்துவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். ஆட்டுரல் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. துடைக்கவில்லை. துடைத்துக் காய வைத்தால் ஏதாவது வரும் என்று வீடியோவில் சொல்வார்கள், அரிசிப் பானைக்குள் புதைத்து வை என்பார்கள். மணையில் அப்படியே விட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெண்கள் அத்தனை பேரும், ஒருத்தி தவறாமல், தங்கள் பிள்ளைகளின் நெற்றியில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் திரும்பி, பிள்ளையை இறுக்கிக்கொண்டு, வேகமாக நடந்து போனார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மிதுன் என் தோளில் தலையைச் சாய்த்தான். காதுக்குப் பின்னால் சுட்டது. மயிரை விலக்கிப் பார்த்தேன், ஒன்றே ஒன்று, கடுகளவு, நீர் கோத்து மினுங்கியது. அவனை அப்படியே தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனேன். இவனைத் தூக்க முடிந்தது, முதுகைத் தடவ முடிந்தது, அழுகை காதில் விழுந்தது.

மரத்தடியில் எனக்கு முன்னாலேயே கூட்டம் வந்துவிட்டது. வள்ளிமயில் மதினிதான் தொரட்டி வைத்துக் கொப்பு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பயல்களும் அவள் சேலையைப் பிடித்தபடி சிவந்த கண்ணோடு காலடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததும் எல்லாரும் விலகினார்கள். மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியில் எட்டாத உயரத்தில் ஒரு கிளையைக் குறி வைத்து, உன்னி, நுனிக்காலில் நின்று இழுத்து ஒடித்தாள். அது என் முன்னால் வந்து விழுந்தது.

"கொழுந்தாப் பாத்து விரிச்சுப் படுக்கப் போடுட்டி" என்றாள், மரத்தைப் பார்த்துக்கொண்டே. "முத்தின எல பிள்ளைக்கு முதுகுல குத்தும்."